லைலா கேட்ட தண்ணீர்

ஸெய்னுதீன் அவர்களின் வலது கால் இடது காலைவிடப் பருத்திருக்கும். கணுக்காலுக்கு மேலே, தோல் கறுத்துத் தடித்த இடத்தில், ஒரு புண் ஆண்டுக்கணக்காக ஆறுவதும் மீண்டும் திறப்பதுமாக இருந்தது. கிண்ணியாத் துறையில் அவரை அறியாதவர் இல்லை. களப்பின் இரு கரைகளுக்கும் இடையே ஓடிய பாதையில், அதாவது லொறிகளையும் மாடுகளையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவையில், அவர் தொழிலாளியாக இருந்தார். கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பற்றிக்கொண்டு ஆண்கள் சிலர் மிதவையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார்கள். அவர்கள் நடக்க நடக்க மிதவை நகரும். இளமையிலிருந்து ஸெய்னுதீன் அப்படி நடந்தார்.

“காக்கா, உங்கட வலது காலுக்கு வேற டிக்கட் எடுக்கோணும். பாதை ஒரு பக்கம் சரியுது” என்று லொறிச் சாரதிமார் அண்ணன்முறை கொண்டாடிப் பகிடி செய்வார்கள்.

“அது அரசாங்கக் கால், தம்பி. அதுக்குக் காசில்லை” என்று அவர் திருப்பிச் சொல்லுவார்.

நான் பாலையூற்றிலிருந்து கிண்ணியாவுக்குப் படிப்பிக்கச் சென்ற ஆண்டுகளில் நாள்தோறும் இந்தப் பேச்சைக் கேட்டேன். அவருடைய மகள்மார் இருவரும் என் வகுப்பில் படித்தவர்கள். எல்லோரையும் சிரிக்க வைத்த அந்த மனிதருக்குள்ளே ஓர் அச்சம் இருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அவருடைய குடும்பத்துப் பெண்கள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் நாற்பது நாளுக்குள் இறந்துபோனார்கள். தம் மகள்மாரையாவது அந்த நாற்பதைக் கடக்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் இறைவனிடம் வேறெதையும் பெரிதாகக் கேட்டதில்லை.

அவருடைய தாயார் அப்படித்தான் இறந்தார். தாயின் முகம் அவருக்கு நினைவில்லை. தங்கை அசனாவைப் பெற்ற சில வாரங்களில் தாயார் போய்விட்டார். அந்த அசனா வளர்ந்து, சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகளின் பின்னர், ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றாள்.

கிண்ணியாவில் அக்காலத்தில் பிள்ளை பெற்றவளைக் காத்த முறை கடுமையானது. அறையின் ஒரு மூலையில் சேலையால் மறைப்புக் கட்டிப் பாயை விரிப்பார்கள். அவள் அதிலிருந்து எழும்பி நடமாடக் கூடாது. காற்றுப் படக் கூடாது. அரைத்த மருந்துச் சரக்கும், சரக்கிட்டுக் காய்ச்சிய கறியும் கொடுப்பார்கள். தண்ணீரைமட்டும் கொடுக்கமாட்டார்கள். பச்சை உடம்பில் தண்ணீர் இறங்கினால் வயிறு ஊதும், சன்னி பிறக்கும் என்று நம்பினார்கள். தாகம் மிகும்போது கொதித்தாறிய நீரில் நாக்கை நனைக்கச் சிறிதளவு தருவார்கள். இதில் எவருக்கும் கொடுமை செய்யும் எண்ணம் இருக்கவில்லை. எந்த வீட்டில் அன்பு மிகுந்ததோ அந்த வீட்டில் கட்டுப்பாடும் மிகுந்தது. தாயை அப்படி இழந்த அசனாவை, மருத்துவிச்சி சல்மா உம்மா வேறெவரையும்விடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

ஒரு நண்பகல், பெண்கள் எல்லோரும் அயலில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். சேலை மறைப்புக்குப் பின்னாலிருந்து அசனா தமையனைக் கூப்பிட்டாள்.

“காக்கா, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு இரிக்கு. ஒரு செம்புத் தண்ணி.”

“சல்மா உம்மா அறிஞ்சா?”

“என்னைக் கொன்டுபோடுவா. உங்களையும் கொன்டுபோடுவா. ரெண்டு பேருக்கும் ஒரே மையத்துக் கட்டில். செலவு குறைவு.”

அவர் சிரித்துவிட்டார். கிணற்றில் அள்ளிய குளிர்ந்த நீரைச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் மூச்சு விடாமல் குடித்து, செம்பைக் கவிழ்த்துக் கடைசித் துளியையும் நாக்கில் விழுத்திக்கொண்டாள்.

சில நாள்களில் அவளுடைய இடது கால் தொடைவரை வீங்கி, வாழைத்தண்டைப்போல் வெளுத்தது. எண்ணெய் காய்ச்சிப் பூசினார்கள்; நொச்சியிலை ஒற்றடம் கொடுத்தார்கள்; காலை அசைக்கவே கூடாது என்றார்கள். முழுக வார்ப்பதற்காக அவளைத் தூக்கி நிறுத்திய காலையில், அவள் சல்மா உம்மாவின் தோளைப் பிடித்தபடி, “மூச்சு வருகுதில்லை” என்று மட்டும் சொன்னாள். பின்னர் சரிந்தாள்.

ஸெய்னுதீன் எதையும் மறைக்கவில்லை. அன்று மாலையே சல்மா உம்மாவிடம், “நான்தான் தண்ணி குடுத்தனான்” என்றார். அந்த அம்மையார் அவரைத் திட்டவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பச்சை உடம்புக்குப் பச்சைத் தண்ணி. நீ பாசத்துல குடுத்தாய், மகன். பாசந்தான் கொன்டுபோட்டுது.”

அந்தச் சொல்லை அவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சுமந்தார்.

பிற்பாடு றுக்கியாவை மணம் முடித்தார். முதலில் லைலாவும் அடுத்து ரபீக்காவும் பிறந்தார்கள். றுக்கியா இரண்டு நாற்பதுகளையும் நலமாகக் கடந்தார். ஸெய்னுதீனுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அவருடைய தாயாரின் குடும்பம் தெற்கே மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே குடி என்பது தாய்வழியாக எண்ணப்படும். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள், தகப்பனின் குடியைச் சேர்ந்தவர்கள் அல்லர். அந்தச் சாவு தம் தாயின் குடியோடு வந்த சாவு என்றும், அசனாவோடு அது முடிந்துவிட்டது என்றும் அவர் கணக்கிட்டார். லைலாவும் ரபீக்காவும் றுக்கியாவின் குடி. அவர்களுக்கு அது எப்படி வரும்?

அறுபத்து நான்காம் ஆண்டுப் புயலில் துறையடிக் கொட்டிலின் மரமொன்று முறிந்து அவருடைய வலது காலில் விழுந்தது. எலும்பு வைத்தியர் மட்டை வைத்துக் கட்டி, அசையாமல் படுத்திருக்கச் சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார். கட்டை அவிழ்த்தபோது எலும்பு பொருந்தியிருந்தது. ஆனால் கால் பருத்துவிட்டது. வைத்தியர் இறுக்கிக் கட்டிய குற்றம் என்று ஊரார் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பினார். அதே நோய் தம் காலிலும் வந்திருக்கிறது என்று அவர் நினைக்கவில்லை. அது பெண்களுக்கு வருவது. ஆணின் காலில் வருவது எப்படி அதுவாகும்?

எழுபதுகளின் இறுதியில் லைலா பெண்குழந்தையொன்றைப் பெற்றாள். அவளுடைய கணவன் ஜெமீல் மூதூரில் வியாபாரம் செய்தான். வழக்கப்படி அவள் பெற்றோர் வீட்டிலேயே இருந்தாள். குடியைப் பற்றிய கணக்கு மனத்தில் ஆறுதலாக இருந்தபோதிலும், மகளைப் பாயில் கண்டதும் ஸெய்னுதீனின் பழைய அச்சம் திரும்பியது. ஒரு செம்புத் தண்ணீரால் தங்கையைக் கொன்றவர் என்றல்லவா தம்மை அவர் எண்ணியிருந்தார். பாதை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மறைப்புச் சேலைக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதுமையடைந்திருந்த சல்மா உம்மா சொன்னவற்றைவிடக் கூடுதலாகவே அவர் கட்டுப்பாடு செய்தார். குசினியில் இருந்த தண்ணீர்க் குடத்தை மகளின் கண்ணில் படாதவாறு பின்புறத்துக்கு மாற்றியவரும் அவரே.

“வாப்பா, தாகமா இரிக்கு. ஒரு மிடறு தாங்க.”

“ஏலா, மகள். நாப்பது முடியட்டும். அதுக்குப் புறகு கிணத்தையே உங்களுக்கு எழுதித் தாறன்.”

“கிணறு ஆருக்கு வேணும்? ஒரு மிடறு போதும்.”

“சொன்னாக் கேளுங்க, புள்ள.”

“டீச்சரிட்டச் சொல்லுவன். எங்கட வாப்பா, தண்ணியை மறிச்ச அந்தக் கர்பலாவில வேலைக்குப் போகலாம் எண்டு.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வளவுக்குள் போய், மகள் காணாத இடத்தில் நின்று அழுதார். பின்னர் திரும்பி வந்து அதே கதிரையில் உட்கார்ந்தார். அப்போது றுக்கியா, “கொஞ்சம் குடுத்தா என்ன?” என்று இரக்கப்பட்டுக் கேட்டிருக்கிறார். “நீ அசனாவைக் கண்டனியா?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நாற்பது முடியச் சிறிது காலமே இருந்தபோது, தொடையில் ஏதோ பிடித்திழுக்கிறது என்று லைலா சொன்னாள். ஸெய்னுதீன் சேலையை விலக்கிப் பார்த்தார். இடது கால். அதே வீக்கம், அதே வெளிறிய நிறம்.

அவர் சல்மா உம்மாவுக்கு ஆளனுப்பவில்லை. மறுகரைக்கு அப்பால் இருந்த நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக, மகளைத் தூக்கி மாட்டுவண்டியில் கிடத்தித் துறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய தோழர்கள் லொறிகளை நிறுத்திவிட்டு வண்டியைப் பாதையில் ஏற்றினார்கள். ஸெய்னுதீன் தாமும் கம்பியைப் பிடித்துப் பருத்த காலை இழுத்து இழுத்து நடந்தார். நடுக்களப்பில் லைலா எழுந்து உட்கார முயன்றாள். இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். றுக்கியாவின் குரலைக் கேட்டு அவர் கம்பியை விட்டுவிட்டு ஓடி வந்தார். மகளின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கடைசி நேரத்தில் வாயில் நீர் விடுவது அவர்களுடைய வழக்கம். களப்பு நீரோ உப்பு. நான்கு பக்கமும் தண்ணீர் நிறைந்திருந்த அந்த இடத்தில் அவளுடைய வாயில் விட ஒரு துளி நல்ல தண்ணீர் இருக்கவில்லை.

பாதை மறுகரையைத் தொடாமலே திரும்பியது.

அதன்பின் அவர் நெடுங்காலம் எவருடனும் கதைக்கவில்லை. லொறிச் சாரதிமாரும் காலைப் பற்றிப் பகிடி செய்வதை விட்டுவிட்டார்கள். புண் பெரிதாகி நாற்றமெடுத்தது. றுக்கியா கெஞ்சி அழைத்தும் அவர் வைத்தியரிடம் போகவில்லை. கடைசியில் ரபீக்கா, “நீங்க போகாட்டி நானும் சாப்பிடமாட்டன்” என்று இரு நேரம் பட்டினி கிடந்த பின்னரே நகரத்துக்கு வந்தார்.

அங்கே டாக்டர் சோமசேகரம் இருந்தார். இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்துவிட்டு அண்மையில் திரும்பியவர். புண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இது எப்ப தொடங்கினது?”

“புயலுக்குப் புறகு, ஐயா. எலும்பு முறிஞ்சு கிடையில கிடந்தனான். எழும்பக்குள்ளயே வீக்கம்.”

“வீட்டில வேற ஆருக்கும் இப்பிடிக் கால் வீங்கினதோ?”

“ஆம்புளையளுக்கு இல்லை, ஐயா. பொம்புளையளுக்குத்தான். அவங்களுக்கு வந்தா தப்பமாட்டாங்க, மௌத்தாயிடுவாங்க.”

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்தார். பின்பு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார். தாயார், அசனா, லைலா என்று ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்டார். ரபீக்காவின் இரத்தத்தையும் தகப்பனின் இரத்தத்தையும் எடுத்தார். அத்தகைய சோதனைக்கு இங்கே வசதி இல்லாதபடியால், பனிக்கட்டியிட்ட குடுவையில் வைத்து, இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்ற நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். சில மாதங்களின் பின்னர் தகப்பனையும் மகளையும் அழைத்துப் பதிலைச் சொன்னார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டவாறு எழுதுகிறேன். நம் இரத்தத்தில் பல புரதங்கள் உள்ளன. காயம் பட்டதும் இரத்தத்தை உறையச் செய்து ஓட்டையை அடைப்பவை சில. உறைதல் அளவு மீறாமல் தடுப்பவை வேறு சில. பிள்ளை பெறும் காலத்தில் தாய் இரத்தம் இழந்து இறந்துவிடாதவாறு உறையச் செய்யும் பக்கம் இயல்பாகவே வலுப்பெறுகிறது. இந்தக் குடும்பத்திலோ தடுக்கும் புரதமொன்று பாதியளவுதான் உண்டாகிறது. அதை உண்டாக்கும் கட்டளை ஒவ்வொருவருக்கும் இரண்டு வழியாகக் கிடைக்கிறது, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக. அவற்றுள் ஒன்று பழுதுபட்டு வந்திருக்கிறது. அத்தகைய உடம்பு நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால், காலின் பெரிய இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டியில் ஒரு துண்டு பிரிந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சு நின்றுவிடும்.

“அது குடியோட வாறதில்லையோ, ஐயா?” என்று ஸெய்னுதீன் கேட்டார். “என்ட புள்ளையள் உம்மாட குடி.”

“குடி தாய்வழி போகலாம். இது அப்பிடிப் போகாது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். நீங்கள் நாள் முழுக்க நடந்து வேலை செய்த மனுசன். அதால தப்பியிருக்கிறீங்கள் போல. படுத்துக் கிடந்த ஒரே ஒரு தரம் உங்கட காலில வந்திட்டுது.”

அவர் தம் பருத்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப லைலாவுக்கு என்னட்ட இருந்துதான் போயிருக்கு.”

டாக்டர் இல்லையென்று சொல்லவில்லை. “நீங்கள் தெரிஞ்சு குடுத்ததில்லை” என்றார்.

“ஐயா, தண்ணி.” அவர் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். “தங்கச்சி கேட்டா, குடுத்தனான். அதுல மௌத்தானா எண்டு மகளுக்குக் குடுக்கயில்லை.”

சோமசேகரம் ரபீக்காவைப் பார்த்தார், பின்னர் மெதுவாகச் சொன்னார்.

“தண்ணி குடிச்சதால உங்கட தங்கச்சி சாகேல்லை. இந்த நோய் வருத்தத்தில தண்ணி நல்லது. உடம்பு வறண்டால் இரத்தம் இன்னும் தடிக்கும்.”

“குடுத்திருந்தா லைலா இருந்திருப்பாவோ?”

“அப்பிடிச் சொல்ல எனக்கு ஏலாது. தண்ணி மட்டும் காப்பாற்றியிருக்குமெண்டு சொன்னால் அது பொய்.”

வேறொருவர் ஆறுதலுக்காக, ஒன்றும் மாறியிருக்காது என்று சொல்லியிருப்பார். அந்த வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை. அத்தனை ஆண்டுகளாக நெஞ்சில் இருந்த ஒரு கல்லை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மற்றொன்றை வைக்க நேர்ந்ததை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டும் வேலையைத் தாதியிடம் விடாமல் தாமே செய்தார் என்று ரபீக்கா சொன்னாள்.

ரபீக்காவின் இரத்தத்திலும் அந்தப் புரதம் பாதிதான் இருந்தது. மணமாகி, எண்பத்தொன்றில் அவளும் கருவுற்றாள். பிள்ளைப்பேறு நகரத்து மருத்துவமனையில் நடந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியை டாக்டர் தொடங்கினார். வீட்டுக்குப் போன பின்னரும் நாற்பது முடியும்வரை காலையும் மாலையும் அந்த ஊசி ஏற்ற வேண்டும் என்றார். கிண்ணியாவில் இருந்த சிறிய மருந்தகத்தில் அதற்கு ஒழுங்கு செய்துவிட்டு, ஒரு நிபந்தனையும் விதித்தார்: “வண்டியில வரக் கூடாது. நடந்து வரோணும்.”

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியைத் தெருவில் நடத்திக் கூட்டிக்கொண்டு போவது அந்த ஊரில் எவரும் காணாத காட்சி. ஸெய்னுதீன் ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். முக்காடிட்ட ரபீக்கா பின்னே நடந்தாள். வேலிக்கு வேலி பெண்கள் நின்றார்கள்.

“ஒண்டைத் தின்டது காணாதெண்டு மத்ததையும் கொண்டுபோறாரு.”

“கால்ல புண் வந்தவருக்கு மூளையிலயும் வந்திட்டு.”

சல்மா உம்மா தம் வாசலில் நின்று அவர்களை மறித்தார். கண் மங்கிவிட்டபடியால் ரபீக்காவின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

“மகன், இவளையாவது படுக்க விடு. உன்ட கால்ல விழுறன்.”

“நீங்க விழவேணாம், உம்மா. டாக்டர் சொல்லித்தான் நடக்கிறம்.”

“டாக்டர் ஆம்புளை. அவன் புள்ளை பெத்தவனா?”

“இல்லை. ஆனா அவரு பாத்தது என்ட இரத்தத்தை.”

இரவும் பகலும் பெண்களுக்காகவே வாழ்ந்த அந்த அம்மையாரிடம், அவர் படுக்க வைத்ததும் சாவுக்கு ஒரு காரணம் என்று ஸெய்னுதீன் ஒருபோதும் சொல்லவில்லை. றுக்கியா சொல்லத் துணிந்தபோதும் தடுத்துவிட்டார். “அவவும் பாசத்துலதான் செஞ்சவ” என்றார்.

ரபீக்கா நாற்பதைக் கடந்தாள். குழந்தையும் நலம். வீட்டில் பால்சோறு காய்ச்சினார்கள். லைலாவின் சிறு மகள் அதை முகமெல்லாம் பூசிக்கொண்டு தின்றாள். அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது. வளர்ந்ததும் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளையை யார் வளர்த்தாலும் இதை மறக்கக் கூடாது என்று ஸெய்னுதீன் ஜெமீலிடமும் என்னிடமும் பலமுறை சொன்னார். அடுத்த ஆண்டு காய்ச்சலில் சில நாள் படுத்தவர், பின்னர் எழும்பவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம்.

நாற்பது நடந்துகொண்டிருந்த நாள்களில் நான் ரபீக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். சேலை மறைப்பு இல்லை. அவள் யன்னல் அருகே கதிரையில் இருந்தாள். ஸெய்னுதீன் பழைய செம்பில் கிணற்று நீரைக் கொண்டுவந்தார். டாக்டர் கொதித்தாறிய நீரே போதும் என்று சொல்லியிருந்தாராம். அவர் அதையும் கொடுத்தார், கிணற்று நீரையும் கொடுத்தார். மகளின் முன்னால் நின்று இரண்டு கைகளாலும் செம்பை நீட்டினார்.

“லைலா, குடிங்க, மகள்.”

றுக்கியா குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். ரபீக்கா என்னைப் பார்த்தாள். பின்னர் தகப்பனைப் பார்த்தாள். தன் பெயரை அவள் சொல்லவில்லை. செம்பை வாங்கி, அவருடைய கண்முன்னே, கடைசித் துளிவரை குடித்தாள்.